பிரதான போதனாசிரியை சமுகமளிக்கவில்லை

எங்கள் தாதியர் பயிற்சி நிலையத்துக்கு அங்கீகாரம் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் முப்பத்தெட்டுப் பக்கம். அதில் பதினோராம் பக்கத்தில் நான் இருந்தேன். பிரதான போதனாசிரியை என்ற கட்டத்துக்குள் என் முழுப் பெயர், தாதியர் பதிவிலக்கம், அரசாங்க வைத்தியசாலைகளில் வேலை செய்த வருடங்கள், எல்லாம் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. பரிசோதனைத் தினத்தில் இவர் நிலையத்தில் நேரில் சமுகமளித்திருத்தல் வேண்டும். அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எங்கே போகப் போகிறேன்? புத்தளத்தை விட்டு நான் அசைவது வருடத்தில் இரண்டு தடவை, அதுவும் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்.

நிலையம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. அதை நடத்தியவரை ஊர் முழுக்க ஹாஜியார் என்றுதான் அழைக்கும். கொப்பரா வியாபாரி. தன் உம்மா கடைசிக் காலத்தில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தண்ணீர் வேண்டும் என்று தமிழில் கேட்டதை விளங்கிக்கொள்ள அந்த வார்டில் ஒருத்தரும் இல்லை என்ற ஆத்திரம் அவருக்கு. அந்த ஆத்திரத்தில் தமிழில் படிப்பிக்கத் தொடங்கிய நிலையம் இது. ஓய்வு பெற்று வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்னை வந்து கூப்பிட்டார். நான் சம்மதித்தேன்.

மனிதர் தங்கமானவர். ஆனால் பெண்கள் சம்பந்தப்பட்ட எதையும் அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது. ஊசி போடப் பழகுவதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு பெண் பொம்மை வரவழைத்தார். பெட்டியை உடைத்துப் பார்த்தவர் முகம் சிவந்து கீழே கடைக்கு ஓடிவிட்டார். பத்து நிமிடத்தில் ஒரு நீளக் கைச் சட்டையும், ஒரு துப்பட்டியும் மேலே வந்தன. அந்தப் பொம்மை மூன்று கிழமை முக்காட்டோடு கட்டிலில் கிடந்தது. இடுப்பில் போட வேண்டிய ஊசியை நான் எங்கே காட்டிக் கொடுப்பது? கடைசியில் அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து நானே சட்டையைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்தேன். அதன் பிறகு அந்த அறைக்குள் வருவதை விட்டுவிட்டார்.

பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். மாம்புரியிலிருந்து மீன்பிடிக்காரர்களின் பிள்ளைகள், எலுவன்குளத்துப் பக்கமிருந்து இரண்டு பேர், மற்றவர்கள் டவுனும் சுற்றுவட்டமும். ஒருத்தி கரைத்தீவு. அவளுடைய வீட்டார் யுத்த காலத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து அங்கே குடியேறியவர்கள். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். அவளைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்வேன். ஏனென்றால் ஒன்றரை வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் திட்டாத ஒரே பிள்ளை அவள்தான். எனக்கு வாய் நீளம் என்பது நான் வேலை செய்த எல்லா வார்டுகளுக்கும் தெரியும். ஆனால் அவள் ஒரு கிழவியின் கையைப் பிடித்து நரம்பு தேடும்போது நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். சிலாபத்தில் ஒரு தனியார் வைத்தியசாலை செய்முறைப் பயிற்சிக்கு எங்கள் பிள்ளைகளை எடுத்தது. அங்கே இருந்த மேட்ரன் அவளிடம் மட்டும், சான்றிதழைக் கொண்டு வா, உனக்கு இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

எல்லாம் அந்தச் சான்றிதழில்தான் நின்றது. எங்களுக்குக் கிடைத்திருந்தது தற்காலிக அனுமதி. அது முடியும் முன் கொழும்பிலிருந்து குழு வந்து பார்த்து, முழு அங்கீகாரம் தந்தால்தான் பிள்ளைகளுக்கு இறுதிப் பரீட்சை நடத்தலாம். இல்லாவிட்டால் அவர்கள் படித்த ஒன்றரை வருடமும் செல்லாது. அதனால் நாங்கள் பேயாய் வேலை செய்தோம். கட்டில் விரிப்பின் மூலைகளை நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பதிவேடுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

அந்தப் பரிசோதனைக்கு ஐந்து கிழமை இருக்கும்போது என் கணவர் மௌத்தானார்.

காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர், ஒரு பக்கத்துச் சவர்க்கார நுரையைத் துடைக்காமல் விழுந்தார். நான் நெஞ்சை அமுக்கினேன். எத்தனை பேருக்கு அமுக்கியிருக்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பொம்மையின் நெஞ்சில் கை வைத்து எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் மகன் வந்து, போதும் உம்மா, போதும் என்று என் தோளைப் பிடித்துத் தூக்கும்வரை அமுக்கினேன். அன்றிலிருந்து என் மணிக்கட்டு வலி இன்னும் போகவில்லை. வலி போகக் கூடாது என்றுதான் எனக்கும் இருக்கிறது.

நான் இத்தாவில் அமர்ந்தேன். கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. வெள்ளை உடுத்து, அன்னிய ஆண்களின் முன்னால் போகாமல், உள்ளறையில். நடு வாசலில் திரை போட்டார்கள். இதை ஒரு சிறை போல எழுத எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது பொய். முதல் இரண்டு கிழமையும் அந்தத் திரை எனக்கு வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் என்னை எதற்கும் கூப்பிட முடியாது. அழுதேன், தொழுதேன், தூங்கினேன், திரும்ப அழுதேன். பயிற்சி நிலையம், அங்கீகாரம், பதினோராம் பக்கம் எதுவும் என் நினைவில் வரவில்லை. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அப்போது வெட்கப்படவில்லை.

மூன்றாம் கிழமை கரைத்தீவுப் பிள்ளை வந்தாள். பெண் பிள்ளை என்பதால் நேரே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். குழு வரும் திகதி கிடைத்துவிட்டதாம். இன்னும் பதினைந்து நாள். ஹாஜியார் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன். அவர் யோசிக்கிறார் டீச்சர் என்றாள்.

ஹாஜியார் என் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். திரைக்கு அப்பால் நின்று கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை. மரண வீட்டுக்கு வந்த நாளில் முன் விறாந்தையில் என் மகனோடு உட்கார்ந்து அழுதவர்தானே. ஆனால் இத்தா இருக்கும் பெண்ணிடம் நிலையத்து வேலையைப் பற்றிக் கதைப்பது அவருக்குப் பாவமாகப் பட்டது. அவர் என் மகனிடம் ஜாடையாக ஏதோ சொன்னார். மகன் தன் மாமியிடம், அதாவது என் கணவரின் அக்காவிடம் சொன்னான். மதினி என்னிடம் சொல்லும்போது அது, நீ ஒண்டும் யோசிக்காதே, அவங்க பாத்துக்கொள்ளுவாங்களாம் என்று வந்து சேர்ந்தது.

எனக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. யார் பார்த்துக்கொள்வது? பதினோராம் பக்கத்தில் இருப்பது நான். மதினியைக் கொண்டே பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு அனுப்பினேன். பதில் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கே வந்தது. அவசியமான தேவை இருந்தால் பகலில் வெளியே போய் வரலாம், ஒழுக்கத்தோடு போய் இரவுக்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான். மார்க்கம் எனக்கு வழி விட்டிருந்தது. மதினிதான் விடவில்லை என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும், ஆனால் அவரும் தடுக்கவில்லை. ஊர் வாயை மூட ஏலுமா என்று ஒரு தரம் கேட்டார். பிறகு என் வெள்ளைச் சீலையைத் தானே கழுவிக் காயப்போட்டார்.

பரிசோதனைக்கு முதல் நாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு த்ரீவீலர் அனுப்பச் சொல்லு, நான் வருவேன் என்று ஹாஜியாரிடம் சொல்லச் சொன்னேன். அவள் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். ஹாஜியார் சரி என்றாராம். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த நாள் எட்டு மணிக்கே நான் தயார். வெள்ளைச் சீலை, மேலே கறுப்பு அபாயா. மடியில் என் மூலச் சான்றிதழ்கள் உள்ள கோவை. உள்ளறைக் கதிரையில் உட்கார்ந்தேன். ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. தெருவில் ஒவ்வொரு த்ரீவீலர் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். மகனை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்றால் அவன் காலையிலேயே வாப்பாவின் ஓய்வூதிய விஷயமாக அரசாங்கக் கச்சேரிக்குப் போயிருந்தான். ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார். கொழும்பு ஆட்கள் வந்திருக்கும்போது மரியாதைக்காக அணைத்திருப்பார் என்று நினைத்தேன். சற்றுப் பொறு, அனுப்புவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொன்றரை மணிக்கு வாசலில் ஒரு வாகனம் நின்றது. எழுந்து கோவையைக் கையில் எடுத்தேன்.

வந்தது வேறு வாகனம். அதிலிருந்து இறங்கிய பெண் சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தார். என் வயதுதான் இருக்கும். பின்னால் எங்கள் கரைத்தீவுப் பிள்ளை, அழுத முகத்தோடு.

அங்கே நடந்ததை நான் அப்போதுதான் அறிந்தேன். குழுவில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், இந்த அம்மணி. உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே பிரதான போதனாசிரியை எங்கே என்பதுதான். ஹாஜியார் த்ரீவீலர் அனுப்பவே இல்லை. நான் வருகிறேன் என்று சொன்னது துக்கத்தில் சொன்னது, அதைக் கேட்டு நடப்பது அநியாயம் என்று அவர் முடிவு செய்திருந்தார். சரி, அதையாவது அவர்களிடம் சொல்லியிருக்கலாமே. அவருக்குக் கணவர் இறந்துவிட்டார், எங்கள் முறைப்படி வீட்டில் இருக்கிறார் என்று இரண்டு வசனம். அதைச் சொன்னால் அவர்கள் மேலே கேட்பார்கள். எத்தனை நாள், ஏன் வரக்கூடாது, வந்தால் என்ன என்று ஒரு விதவையின் வீட்டு விஷயத்தை இரண்டு அன்னிய ஆண்கள் மேசையில் வைத்து அலசுவார்கள். ஹாஜியாருக்கு அது தாங்காது. பொம்மைக்கே சட்டை போட்டவர் அவர். வெளியூர் போயிருக்கிறார் என்று மரியாதையாக ஒரு சொல் சொல்லிவிட்டார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு அம்மணி பிள்ளைகளோடு தனியாகக் கதைத்திருக்கிறார். உங்கள் பிரதான போதனாசிரியை எப்போது வெளியூர் போனார் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். கரைத்தீவுப் பிள்ளைக்குச் சிங்களம் நன்றாக வரும், சிலாபத்து வார்டில் பழகியது. அவள் எழுந்து, எங்கள் டீச்சர் எங்கேயும் போகவில்லை, இரண்டு தெரு தள்ளி வீட்டில் இருக்கிறார், கணவர் இறந்து ஐந்து கிழமை, வாகனம் வரும் என்று காத்திருக்கிறார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஹாஜியார் என்ன சொல்லியிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

அம்மணி என் முன்னால் பாயிலேயே உட்கார்ந்தார். கதிரை போடச் சொன்னேன், வேண்டாம் என்றார்; நானும் பாயில் இறங்கி உட்கார்ந்தேன். அவரும் ஒரு காலத்தில் வார்டில் நின்றவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கோவையைத் திறந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பதிவுச் சான்று, சேவைக் கடிதங்கள், போதனாசிரியர் டிப்ளோமா. அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கண்ணாடியை உயர்த்தி, முழுவதும் படித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு, தங்கை என்று என்னை அழைத்து, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும், நங்கி."

நோய் வருத்தம், மகப்பேறு, குடும்பத்தில் மரணம் என்றால் திகதியை ஒரு மாதத்துக்குத் தள்ளலாமாம். அது விண்ணப்பத்தின் பன்னிரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறதாம். நான் பதினோராம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். ஹாஜியார் தான் கையெழுத்திட்ட பக்கங்களை மட்டும் பார்த்தவர். இப்போது நிலையத் தலைவர் குழுவுக்குத் தவறான தகவல் தந்தார் என்று பதிவாகிவிட்டது. மற்ற இரண்டு பேரும் கையெழுத்திட்டு வாகனத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மணி தனியாக இறங்கி வந்தது அவருடைய நல்ல மனம். அதை எழுதும் கட்டம் எந்தப் பக்கத்திலும் இல்லை. இன்றைக்கே மேலே வந்து உட்காருகிறேன், ஐந்து நிமிடம் போதும், உங்கள் வாகனத்துக்குப் பின்னால் நடந்தே வருகிறேன் என்று நான் கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன். வைத்திய அத்தியட்சகர்களையே முறைத்துப் பார்த்த நான் பாயில் உட்கார்ந்து கெஞ்சினேன். அவர் தலையை அசைத்தார். தவறான தகவல் என்று ஒரு தரம் எழுதப்பட்டால், அதன் பிறகு நேரில் வந்தாலும் எடுக்க முடியாது என்றார். எழுந்து போகும்போது அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. அதனால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. அங்கீகாரம் மறுக்கப்படுகிறது, ஒரு வருடத்தின் பின் புதிதாக விண்ணப்பிக்கலாம். காரணங்களில் முதலாவதாக, பிரதான போதனாசிரியை சமுகமளிக்கவில்லை என்று இருந்தது.

அன்று பின்னேரம் ஹாஜியார் வந்தார். முதல் தடவையாகத் திரைக்கு அப்பால் நின்று நேரே என்னோடு கதைத்தார். நான் வைத்திருந்த ஏச்சையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "டீச்சர், இத்தாவில இரிக்கிற ஒரு பொம்புளய அன்னிய ஆம்புளயள்ட முன்னால கொண்டு போய் இருத்தி, அதால எனக்கொரு கடதாசி கிடைச்சா, அத நான் எந்த மூஞ்சோட வாங்குற?"

நான் அடுக்கி வைத்த ஒன்றையும் சொல்லவில்லை. திட்டுவதற்கு ஒரு கெட்டவனாவது கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். பிள்ளைகள் கட்டிய பணத்தை ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கொடுத்தும் முடித்தார். ஒன்றரை வருடத்தை அவரால் கொடுக்க முடியவில்லை.

பிள்ளைகள் சிதறினார்கள். நான்கு பேரைக் குருநாகலில் ஒரு நிலையம் சேர்த்துக்கொண்டது, சிங்கள மொழியில், முதலாம் நாளிலிருந்து. அவர்களுக்காக உள்ளறையில் இருந்தே நான் எடுக்காத தொலைபேசி இல்லை. கரைத்தீவுப் பிள்ளைக்கும் இடம் கேட்டேன். கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும் என்றதும் அவளுடைய வாப்பா மறுத்துவிட்டார். நானே அவரோடு கதைத்தேன். மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கட நிலையம் எண்டபடியால்தானே டீச்சர் அனுப்பினேன் என்றார். சிலாபத்து மேட்ரனையும் கூப்பிட்டேன். சான்றிதழ் இல்லாமல் எடுத்தால் தங்கள் வைத்தியசாலையின் அங்கீகாரத்துக்கே ஆபத்து என்றாள். அவள் சொன்னதும் சரிதான். எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள்.

இத்தா முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது அந்தப் பிள்ளை என்னைப் பார்க்க வந்தாள். நிலையத்தில் வாங்கிய வெள்ளைச் சீருடையை மடித்து ஒரு பையில் கொண்டு வந்திருந்தாள். அடுத்த முறை வேறு யாருக்காவது உதவும் என்றாள். இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். வீட்டில் ஒரு இடம் பேசுகிறார்கள் என்றாள். மாப்பிள்ளை நல்லவனா என்று கேட்டேன். தெரியாது டீச்சர் என்றாள்.

தான் வாய் திறந்ததால்தான் எல்லாம் கெட்டதா என்று கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில் பல நாளாக என்னிடம் தயாராக இருந்தது. உன்னில் ஒரு பிழையும் இல்லை, உண்மையைத்தான் சொன்னாய் என்று ஆரம்பித்தேன். அவள் இடையில் மறிக்கவில்லை, முழுவதும் கேட்டாள். ஓம் டீச்சர், எனக்கது தெரியும் என்றாள். பாயின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே, குற்றம் சாட்டும் தொனி ஒன்றும் இல்லாமல், வார்டில் ஒரு சந்தேகம் கேட்பாளே, அப்படிக் கேட்டாள்:

"அண்டைக்கு ஒம்பது மணிக்கு வாகனம் வரல்ல. டீச்சர் ஏன் நடந்து வரல்ல?"

இரண்டு தெரு. மௌலவி போகலாம் என்று சொல்லியிருந்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. மதினி குசினியில் இருந்தார். கோவை என் மடியில் இருந்தது. எட்டு மணியிலிருந்து பதினொன்றரைவரை நான் அந்தக் கதிரையில் இருந்தேன், என்னைக் கூப்பிட யாராவது வருவார்கள் என்று.

"வாகனம் வரும் எண்டு இருந்தேன் மகள்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் சொல்லிக் கொடுக்கிற எதையும் அவள் அப்படித்தான் ஏற்றுக்கொள்வாள். பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு போனாள்.